காலியாக விட்ட வரி

கூட்டிப் பார்த்ததில் சாவு குறைந்தது.

இறப்புப் புள்ளிவிவர அலுவலகத்தில் இதுவரை ஒரு சாவுக்கு ஒரு காரணத்தைத்தான் எண்ணினார்கள். மருத்துவர் சான்றிதழின் முதல் வரியில் எழுதியதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே கணக்குப் பார்க்கும் அவள் கொண்டுவந்த முறை வேறு. இதயமும் சர்க்கரையும் சேர்ந்து ஒருவரைக் கொண்டுபோயிருந்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் பாதிச் சாவு. மூன்று காரணமென்றால் மூன்றாகப் பிரி. எல்லாப் பங்கையும் கூட்டினால் செத்தவர்களின் எண்ணிக்கை வர வேண்டும்.

வரவில்லை.

"பாதி செத்தவங்க மீதி உசுரோட எங்கயாச்சும் சுத்திட்டு இருப்பாங்க, விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, மழை வலுக்கும் முன் பக்கத்து மேசைக்காரன் கிளம்பிப் போனான்.

அவள் சான்றிதழ்களைப் புரட்டினாள். சிலவற்றில் 'காரணங்கள் இரண்டு' என்று குறித்திருந்தது. முதல் வரியில் மார்ச்சளி. இரண்டாம் வரி காலி; அதற்குரிய பாதி எந்தக் கணக்கிலும் சேரவில்லை. வெவ்வேறு மருத்துவர்கள், வெவ்வேறு கையெழுத்து. செத்தவர்கள் எல்லோரும் வீட்டிலேயே படுத்திருந்த வயதானவர்கள். மார்ச்சளியோடு வீட்டில் தனியாகப் படுத்திருக்கும் அப்பாவின் நினைப்பு வந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையெழுத்திட்டவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

மருத்துவர் முதலில் மறதி என்றார். பிறகு வேலை நெருக்கடி என்றார். அவள் விடவில்லை. மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தப்பட்டது.

"சளிக்குப் போற உடம்பு இல்லம்மா அது. இன்னொரு வரி எழுதலாம்னு பேனாவத் திறந்தேன். பார்த்தத எழுதினா எனக்குப் பைத்தியம்பாங்க."

"என்ன பார்த்தீங்க டாக்டர்?"



"உங்க வீட்ல யாராச்சும் சளியோட படுத்திருக்காங்களா?"

"அப்பா" என்றாள்.

"வீட்டுக்குப் போங்கம்மா."

ஈரச் செருப்பு வழுக்க, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வீட்டு மாடிப்படி ஏறும்போதே, அப்பா நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடியும், அதற்கு அடியில், நெடுநாள் திறக்காத பெட்டியைத் திறந்தாற்போன்ற வாடை ஒன்றும் சேர்ந்து மூக்கில் ஏறின. கதவு உட்புறம் தாழிடாமல் இருந்தது. அறையில் சாம்பல் வெளிச்சம். அப்பா கட்டிலில் மல்லாந்து கிடந்தார்.

எழுந்திருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

"இந்தச் சளிக்கா? காலையிலதாம்மா திணறல். இப்ப சுகமா இருக்கு. உள்ள இழுத்தா மட்டும் போதும்."

"என்னப்பா சொல்றீங்க?"

அவர் சிரித்தார். பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் தோளுக்கு மேலே.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கட்டிலோரம் குனிந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கை சில்லிட்டிருந்தது. உடம்பு அசையவில்லை.

அப்பா மூச்சை உள்ளே இழுத்தார். சளி கரகரத்தது. மார்பு உயர்ந்தது.

அவர் மூக்கடியில் விரலை வைத்தாள்.

மார்பு தாழ்ந்தது. வாய் மூடியிருந்தது. விரலில் ஒன்றும் படவில்லை.

அந்த மூச்சு, வெதுவெதுப்பாக, சளியின் கரகரப்போடு, அவள் பிடரியில் பட்டது.