தண்ணீர் குடிக்காத கல்

வெயிலுமுத்து கரண்டிக் காம்பால் இரண்டு முறைதான் தட்டினார். மூன்று முறை கேட்டது.

பம்பாய்ச் செம்பூரில் புதிதாக எழும்பிய அந்த ஏழு மாடிக் கட்டடத்தின் முகப்பில், மழைக்குக் கறுத்துப்போன ஒரு பிற்பகலில், நனைந்த கயிறும் மூங்கிலும் முனகுகிற சாரத்தில் இரண்டாம் மாடி உயரத்தில் நின்றிருந்தார் அவர். ஈரச் சிமெண்டு வாடையோடு ஆலைப் பக்கத்துக் கந்தக வாடையும் மூக்கில் ஏற, தூரத்தில் குர்லா ரயில் ஊதி ஓய்ந்தது. மழைச் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள், கண்ணுகளா?

சுவரில் ஒட்டியிருந்தது செராமிக் கிரானைட். சூளையில் சுட்ட கல், கப்பலில் வந்தது. எண்பத்தேழில் தாராவிக் கொத்தனார் எவரும் தொட்டிராத சரக்கு. மற்ற ஓடுகளைப் போலவே அதையும் ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டார் வெயிலுமுத்து. கூட்டாளி இனாயத்துல்லா அன்றே தடுத்தார்.

"வே, இந்தக் கல்லு தண்ணி குடிக்காதுவே. தொட்டியில ஊத்துனது அப்படியே கெடக்கு பாரும். முதுகு பூரா ஈரத்தோட ஒட்டுனா கலவை எப்படிவே பிடிக்கும்?"

"முப்பது வருசமா ஓடு பதிக்கேன். கல்லுக்குத் தாகம் இருக்கான்னு நீரு சொல்லித்தான் தெரியணுமாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு கல் கழன்றது. கீழே இனாயத்துல்லா நின்றிருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கல்லைக் கழுவ வெயிலுமுத்து தண்ணீர் எடுத்து வந்தார். அதற்குள் அதில் இருந்த இரத்தத்தைக் காணோம். யாருக்கும் தெரியாமல் அதைப் பழைய இடத்திலேயே ஒட்டினார். இப்போது தட்டியது அந்தக் கல்லைத்தான்.

அவர் மனைவி செண்பகவல்லி அங்கே சித்தாள். வெள்ளியிலிருந்து சுவரை விட்டு எட்டவே நின்றாள். மழைக்குக் கலவைச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கீழேயிருந்து கத்தினாள்.

"ஏங்க, பொள்ளல் சத்தம் கேக்குதா? சேட்டு கேக்காரு!"

தட்டிய கல் அத்தனையும் பொள்ளல்தான், பின்னால் கலவை பிடிக்காமல் வெற்றாக ஒலித்தது. சொன்னால் பெயர்ப்பார்கள். இனாயத்துல்லா யாரால் செத்தார் என்பதும் வெளியே வரும்.

"எல்லாம் கெட்டி!"

டக். டக். டக்.

உள்ளேயிருந்து. இனாயத்துல்லா எப்போதும் மூன்று தட்டுத்தான் தட்டுவார்.

அப்போதுதான் பார்த்தார். மழை சுவரில் அறைகிறது. வழியவில்லை. ஒரு துளிகூட. கல் காய்ந்திருந்தது.

உள்ளங்கையை வைத்தார். கையின் ஈரம் போனது. தோல் சுருங்கியது. கை திரும்பி வரவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லை. குரல் இல்லை.

"கெட்டின்னா சரி. செத்த சாஞ்சுக்கிடுதேன், இடுப்பு விட்டுப்போச்சு." கீழே சிரித்துக்கொண்டே வந்து சுவரில் முதுகைச் சாய்த்தாள் செண்பகவல்லி.

கொட்டுகிற மழையில், தோளிலிருந்து கீழாக, அவள் சேலை காய்ந்துகொண்டே வந்தது.