விரிசல் விழுந்த கட்டிங் மெஷின்

மழைக்கு ஒதுங்க வந்தவன் என்றுதான் வேலாத்தாள் நினைத்தாள். தோளில் இருந்த சாக்கு மூட்டையை அவன் இடது கையாலேயே இறக்கி வைத்தான்.

"ஏனுங்க... கட்டிங் மெஷின் ஒண்ணு விக்கோணுமுங்க."

எண்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி அது. ராயபுரத்தில் பழைய பனியன் கம்பெனி மெஷின்களை வாங்கி விற்கும் அந்தக் கடை அவள் அப்பா மருதாசலத்துடையது. அவர் காதர்பேட்டை வரை போயிருந்தார்.

நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... அப்பப்பா! சட்டென்று பார்வையை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மோட்டாரை முகர்ந்து பார்த்தாள். கருகிய வாடை இல்லை. ஆனால் அடித்தகட்டில் குறுக்கே பெரிய விரிசல். கத்தி நிற்கும் தண்டும் கோணியிருந்தது.

"மேசை மேலிருந்து கீழ போட்டிருக்கறீங்க. இப்படியா பொழங்கறது?"

"விழுந்துருச்சுங்க."

"அந்தப் பக்கம் புடிங்க, திருப்பிப் பாக்கோணும்... ரெண்டு கையாலயும் புடிங்களேன்! தொரைக்கு பாக்கெட்டை விட்டுக் கை வராதுங்களா?"

அவன் தயங்கினான். பிறகு மெல்ல வலது கையை வெளியே எடுத்தான்.

சுட்டுவிரலும் நடுவிரலும்... இல்லை.



"இந்த மெஷின்தானுங்க. கை மாட்டினப்போ கூட இருந்தவங்க எட்டி ஒதைச்சுத் தள்ளுனாங்க. அதுலதான் ஒடைஞ்சுது."

"ஐயோ... இதை எதுக்கு நீங்க...?"

"கைக்கு ஈடா ஓனர் குடுத்தாருங்க."

விரலைத் தின்ற மெஷினையே கூலியாகக் கொடுத்திருக்கிறான் ஒருவன்!

"ந... நல்ல மெஷினுக்குப் போடற வெலையே போட்டுத் தர்றனுங்க..."

அவன் முகம் இறுகியது. "மெஷினுக்கு வெலை சொல்லுங்க. என் கைக்கு வேண்டாமுங்க."

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அவன் சாக்கை மறுபடி கட்டத் தொடங்கிவிட்டான். அவள் சாக்கின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க... தண்டை நிமித்திப் போடலாம். அடித்தகடு புதுசாத்தான் மாத்தோணும். பாதி வெலைதான் போகுமுங்க."

முதல்முறையாக அவன் சிரித்தான். "இதுதானுங்க நாயம்."

அவன் பெயர் திருமூர்த்தி. வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. ஆனாலும் பெல்ட் இருக்கா, ஊசி இருக்கா என்று வாராவாரம் கடைக்கு வந்தான். ஊசி வாங்க இவனுக்கு மெஷின் ஏது? வேலாத்தாள் கேட்கவில்லை... சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஒருநாள் மருதாசலம் கடையில் இருந்தார். அன்றோடு அவன் வரவு நின்றது.

வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்த திருமூர்த்தி திடுக்கிட்டு நின்றான். எதிரே வேலாத்தாள்!

"ஏனுங்க வரல?"

"உங்கப்பா என் கையைப் பாத்த பார்வை போதுமுங்க. வந்து பொண்ணு கேக்கற நெலமையிலயா நான் இருக்கறேன்?"

"நீங்க கேக்க வேண்டாமுங்க. கட்டினா உங்களைத்தான் கட்டுவேன்னு நானே ஊட்டுல சொல்லிப்போட்டனுங்க."

ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். மரம் மாதிரி நின்றான்.

"அ... அவரு என்ன சொன்னாருங்க?"

"எங்கூடப் பேச்சையே நிறுத்திப்போட்டாருங்க. இன்னைக்குக் காத்தாலதான் வாயைத் தொறந்தாரு. ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை வரச் சொல்லுன்னாருங்க."

தூறல் விழுந்தது. அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"மொத நாளே... உங்களை ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க, வேலாத்தா. சொல்லத்தான் தைரியமில்ல..."

அதுவரை அத்தனை துணிச்சலாகப் பேசியவளுக்கு, அப்போதுதான் தலையை நிமிர்த்த முடியவில்லை.