பொன்னி பதில் எழுதவில்லை

திருவிடந்தைக் கடற்கரையில் அன்று காலை ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை மூண்டுவிட்டது.

“எல்லாம் வலை போடுறவங்களால வந்தது” என்று ஹெலன் தன் அம்மாவின் செல்போனில் எழுதினாள்.

அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பொன்னி உடனே பதில் போட்டாள். “எங்கப்பா வலையில ஆமை மாட்டுனா வலையை அறுத்து வுட்டுடுவாரு. ஆமையக் குட்டியம்மான்னுதான் கூப்புடுவாரு. தெரியாம பேசாதடி.”

“ஹெலன் அவுட்டு” என்று அதே வகுப்பு சாம் சிரிப்புப் பொம்மை அனுப்பினான். ஹெலனுக்குச் சுருக்கென்றது.

வீட்டுப்பாடத்துக்கு உதவும் ஏஐ அந்தப் போனிலேயே இருந்தது. பொன்னி எழுதியதை அதில் போட்டு, ‘அவள் பதிலே பேச முடியாதபடி எழுதிக் கொடு’ என்று கேட்டாள்.

கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. ‘ஒருவர் சொல்வது சான்றாகாது. உன் தந்தை அப்படிச் செய்ததற்கு என்ன ஆதாரம்?’ என்று தொடங்கி நீளமாகப் போனது. ஹெலன் பாதிகூடப் படிக்காமல் அப்படியே அனுப்பினாள்.

“இன்னா ஹெலன், வக்கீலாயிட்டியா?” என்றான் சாம். கைதட்டல் பொம்மைகள் குவிந்தன.

பொன்னி ஏதோ எழுத ஆரம்பித்தது திரையில் தெரிந்தது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. நின்றது. பிறகு அவள் குழுவை விட்டே போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஹெலன் அவள் பக்கத்தில் போனாள்.

“கோவமா?”

“ஆதாரம் கேட்டியே. அப்பாகிட்ட கேட்டேன்” என்றாள் பொன்னி, தட்டைப் பார்த்தபடி. “கிழிஞ்ச வலையத் தூக்கிக் காட்டுனாரு. அப்புறம் சாப்புடவே இல்ல.”

“அது நான் எழுதல, பொன்னி. ஏஐ எழுதுச்சி.”

“உன் பேர்லதான வந்துச்சி.”

வீட்டுக்கு வந்ததும் ஹெலன் போனை எடுத்தாள். அவள் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது: ‘அவள் பதிலே பேச முடியாதபடி.’ கேட்டது கிடைத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்பதையும் அதனிடமே கேட்கலாமா என்று விரல் ஒரு நொடி போனது. இழுத்துக்கொண்டாள். குழுவில் தானே எழுதினாள்.

“நேத்து வந்தது என் எழுத்து இல்ல. பொன்னி வாயை மூடணும்னு ஏஐகிட்ட கேட்டு வாங்கினேன். அவங்க அப்பாவப் பத்தி ஆதாரம் கேட்டது தப்பு.”

ஆனால் படிக்க வேண்டியவள் குழுவில் இல்லையே. ஹெலன் கடற்கரைக்கு நடந்தாள்.

பொன்னியின் அப்பா தீனதயாளன் மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். பொன்னி ஒரு முனையைப் பிடித்திருந்தாள். நடுவில் ஓர் ஆமை நுழைந்து போகிற அளவுக்குக் கிழிசல்.

“மாமா, நேத்து ஆதாரம் கேட்டது நான்தான்” என்றாள் ஹெலன். அழுகை வந்துவிட்டது.

அவர் ஊசியை வலையில் செருகி வைத்தார். பிறகு, “குந்தும்மா. அந்த முனையப் புடி” என்றார்.

ஹெலன் பிடித்தாள். பொன்னி நிமிரவே இல்லை. நூல் போய்ப் போய் வந்தது. கிழிசல் மெல்லச் சிறுத்தது.

“லூசா வுடாதடி” என்றாள் பொன்னி கடைசியில். “இழுத்துப் புடி.”

ஹெலன் கண்ணைத் துடைக்காமலேயே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.