கதவு நன்றாகத்தான் இருந்தது

செவ்வாய்க் கிரகத்துச் செம்மேட்டுக் குடியிருப்பில் சாவு வீட்டுக்கு யாரும் நேரில் போவதில்லை. பதிலாளை அனுப்புவார்கள். உரியவரின் முகமும் குரலும் பொருத்திய இயந்திரம். போய் உட்காரும், வேண்டிய அளவு அழும், திரும்பி வந்து மின்னேற்றியில் படுத்துக்கொள்ளும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் இதே வழக்கம். நேரில் போனால் வேலைவெட்டி இல்லாதவன் என்று பேசுவார்கள்.

மகுடபதி குடிமறப்போர் கூட்டத்துக்கும் பதிலாளைத்தான் அனுப்பிவந்தார். உணவுக்கூடத்தில் நொதித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சரக்கு கிடைப்பதில் சிரமமே இல்லை. பதிலாள் அங்கே மேடையேறி, "விட்டுட்டேனுங்க" என்று நா தழுதழுக்கும். இவர் வீட்டில் டம்ளரும் கையுமாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டத்தார் மனம் உருகி அதற்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள். அது வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையை இவர் தோளில் போட்ட அன்றுதான் மனிதருக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது. டம்ளரைக் கவிழ்த்தார். கை நடுங்கியது, தூக்கம் போனது, பேச ஒரு நாதி இல்லை. ஆனாலும் அதன்பிறகு அவர் தொடவில்லை.

மகள் அம்சவேணி அடுத்த குவிமாடத்தில்தான் இருந்தாள். இருவருக்கும் பேச்சு நின்று பல வருடங்கள். "குடிச்சது கெடக்கட்டும்ப்பா. பண்ணுனத உங்க வாயால ஒருக்காச் சொல்லுங்க, அப்பறம் வாங்க" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. இன்று கூட்டத்துக்கு வரச்சொல்லி அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மகுடபதி தாமே கிளம்பிப் போனார்.

முதல் வரிசையில் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். வந்துவிட்டாளே!

"இத்தன நாள் இங்க பேசுனது நானில்லீங்க" என்று ஆரம்பித்தார். "எம் மக சின்னப் புள்ளையா இருக்கறப்ப, வெளிய போயிட்டு மூச்சுக்காத்து தீர்ற நேரத்துல வந்து கதவத் தட்டுனா. நான் குடிச்சுப்போட்டு உள்ள உழுந்து கெடந்தேன். பக்கத்து ஊட்டுக்காரர்தான் வந்து தொறந்துவிட்டாரு. கதவு மக்கர் பண்ணிருச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டுத் திரியறேன். கதவு நல்லாத்தான் இருந்துச்சுங்க. நான்தான் சரியில்ல."

அரங்கமே விசும்பியது. அம்சவேணியின் கன்னத்தில் நீர் வழிந்தது. மகுடபதி மேடையிலிருந்து இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, கேட்டியா சாமி?"

"கேட்டேனுங்கப்பா" என்றாள். உடனே கண்ணீர் நின்றது. பேச்சும் மாறிப்போனது. "அம்சவேணி அவர்களுக்கு இன்று வேலை அதிகம். தங்கள் உரை நீளமாக இருந்ததால், சுருக்கி அனுப்பிவிட்டேன்."

"என்னன்னு?"

"'அப்பா நன்றாகப் பேசினார்.'"

மகுடபதி திரும்பிப் பார்த்தார். விசும்பிய அத்தனை பேரும் ஒரே நொடியில் விசும்பலை நிறுத்தி, ஒரே நொடியில் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள். மகள்மேல் கோபப்படவும் வாயில்லை. இத்தனை நாளும் அவர் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள்.

"பதில் வந்துவிட்டது" என்றது மகளின் பதிலாள். அதன் நெற்றியில் கைகூப்பிய சிறு படம் ஒன்று மினுங்கியது.

"அவளே அனுப்புனதா?"

"அந்த விவரம் என்னிடம் இல்லை. தாங்களும் ஏதாவது அனுப்பினால் மரியாதையாக இருக்கும். பூங்கொத்தா, உயர்த்திய கட்டைவிரலா?"

அரங்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அது பதிலுக்காகக் காத்து நின்றது. அதன் கையை மகுடபதி இன்னும் விடவில்லை.