கம்ப்யூட்டர் போட்ட கோலம்!

"ஐயோ... கொலை! கொலை!"

லாட்ஜ் பெருக்குகிறவள் போட்ட அலறல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

அறைக்குள் கோதண்டபாணி மல்லாந்து கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் பூசிய பிலிம் டப்பா. மேஜையில் சின்ன புரொஜக்டர். கழுத்தைச் சுற்றிப் பிலிம் சுருள்... சதைக்குள் இறங்கி இறுகியிருந்தது!

1966, மார்கழி மாதம். அந்தக் குளிரிலும் இன்ஸ்பெக்டர் விருத்தாசலத்துக்கு வேர்த்தது.

"யாருய்யா இவன்?"

"விழுப்புரத்து ஆளு சார்," என்றார் ஏட்டு பெரியதம்பி. "மெட்ராஸ் காலேஜ்ல கம்ப்யூட்டர்னு ஒரு மிஷின் வந்துகீதாமே, அதுல வேலை. ஓட்டை போட்ட அட்டைய உள்ள தள்ளுனா, அது தாள் தாளா கோலம் அச்சடிக்குமாம். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் கோடு துளி நகந்திருக்கும். அத்தினியையும் படம் புடிச்சி ஓட்டுனா, கோலம் தானா வளந்து, வளைஞ்சி, ஆடுமாம் சார்!"

"கோலத்தைப் பாக்க எவன்யா டிக்கெட் எடுப்பான்?"

"அதான் சார் கலாட்டா! முந்தாநேத்து நம்ம டூரிங் டாக்கீஸ்ல மெயின் படத்துக்கு முன்னாடி இதைப் போட்டாங்க. சண்டைப் படம் பாக்க வந்த ஜனம் பெஞ்சியெல்லாம் ஒடச்சிட்டு பூட்டாங்க. ஆப்பரேட்டர் ராயப்பன் இவன் சட்டையப் புடிச்சிக்கினு, 'இந்தப் பிலிமாலயே உன் கழுத்தை இறுக்கிடுவேன்'னு கத்துனான். ஊரே கேட்டுது!"

விருத்தாசலத்துக்கு அது போதும். முதலில் காதில் விழும் பெயர்தான் அவருக்குக் கொலைகாரன். இத்தனை வருஷ சர்வீஸில் அதை அவர் மாற்றிக்கொண்டதே இல்லை.

ஸ்டேஷனில் லத்தி இறங்கியது.

"சொல்லுடா!"

"மாதா சத்தியமா நான் இல்ல சார்!"

பளார்!

ராயப்பனின் முன்பல் ஒன்று எகிறிச் சுவரோரம் விழுந்தது.

"கோவத்துல சொன்னேன் சார்... கோவத்துல சொல்றவன்லாம் கொலைகாரன்னா, எம்பொண்டாட்டி என்னை தெனம் கொன்னுக்கினு கீறா சார்!"

"வாயா அடிக்கிற? தூக்குக் கயிறுடா உனக்கு!"

வாசலில் அவன் மனைவி பூமாலை நின்றாள். நிறைமாதம்.

"அவரைத் தூக்குல போட்டுட்டா நானும் எம்புள்ளையும் எங்க சார் போவோம்? அவரு கோழி கழுத்தைக்கூட திருவ மாட்டாரு சார்..."

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியை எடுத்தார்.

"பெரியதம்பி, ஜீப்பை எடு. செத்தவன் பொண்டாட்டிக்கு சேதி சொல்லணும்."

விழுப்புரம்.

மார்கழி மாதத்துத் தெரு... கேட்கவா வேண்டும்! தேர், தாமரை, சங்கு, பறவை... ஜீப் சக்கரம் வைக்க இடமில்லை. ஒரே ஒரு வாசல்தான் வெறுமனே கிடந்தது.

கோதண்டபாணியின் வீட்டு வாசல்!

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர்.

"இந்த வூட்ல கோலம் போடற வழக்கம் இல்லையாம்மா?"

"நல்லா கேட்டீங்க போங்க! இந்தத் தெருவுக்கே கோலம் கத்துக்குடுத்தவ தையல்நாயகி. காய்ச்சல்ல கெடந்தப்பகூட எழுந்து வந்து போட்டா. வீட்டுக்குத் தூரம்னா என்னைக் கூப்ட்டுப் போடச் சொல்லுவா. இன்னிக்கி என்ன பேஜாரோ தெர்ல. கேட்டா, மாவு தீந்துபோச்சுன்றா."

இன்ஸ்பெக்டர் வாசலை இன்னொரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். தையல்நாயகி முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் புருசன் செத்துட்டாம்மா. யாரோ கொன்னுட்டாங்க."

"ஐயோ... என் ராசா! என்னை வுட்டுட்டு பூட்டியா!"

மாரில் அடித்துக்கொண்டு புரண்டாள். ஏட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அடுப்பங்கரைக்குள் போய், கோலமாவு டப்பாவைத் தூக்கி வந்து அவள் முன்னால் கவிழ்த்தார். மாவு கொட்டியது... கொட்டிக்கொண்டே இருந்தது!

"மாவு கீது. மாசமோ மார்கழி. ஏம்மா போடல?"

அழுகை சட்டென்று நின்றது.

"சாவு விழுந்த வூட்டு வாசல்லதான் கோலம் போட மாட்டாங்க. நான் சேதி சொன்னது இப்பதான். விடியக்காலையிலயே உனக்கு யாரு சொன்னது?"

மூலையில் இருந்த உலக்கை அவள் கைக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது!

முதல் அடி ஏட்டின் தோளில். மளுக்! பெரியதம்பி அலறிக்கொண்டு சாய்ந்தார். அடுத்தது இன்ஸ்பெக்டரின் தலைக்கு. லத்தி குறுக்கே போய் இரண்டாக முறிந்தது. அவர் அவள் முழங்கையைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு மோதினார். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுகி, கொட்டிக் கிடந்த மாவில் சொட்டியது.

"ஆமா! நான்தான்!" மூச்சிரைத்தாள். "அத்தினியும் என் கோலம் சார். நான் புள்ளி சொல்ல, சுழி சொல்ல, அட்டையில ஓட்டையா போட்டுக்கினு போனான். நேத்து சாயங்காலம் லாட்ஜுக்குப் போனேன். சுவத்துல ஓட்டிக் காட்டுனான். என் கோலம்லாம் ஆடுது சார்... எனக்கு அழுவையே வந்துடுச்சி. எம்பேரையும் போடுய்யான்னேன். எட்டி ஒதச்சான். 'இனிமே மிஷினே புதுசு புதுசா போட்டுக்கும், நீ எதுக்குடீ'ன்னான். டப்பா கையில கெடச்சுது..."

"அடிச்ச, சரி. கழுத்தை ஏன் இறுக்குன?"

"மூச்சு இருந்துச்சி சார்."

ஏட்டு வலியை மறந்து வாயைப் பிளந்தார். இன்ஸ்பெக்டர் பிடியைத் தளர்த்தினார்.

"பேசாம ஒரு கோலத்தைப் போட்டுட்டு உக்காந்திருந்தா, உனக்குப் பதிலா ராயப்பன் தொங்கியிருப்பானே?"

தையல்நாயகி தன் விரல்களைப் பார்த்தாள்.

"பொய் சொல்ல வாய் வந்துச்சி. சாவு வூட்ல கோலம் போட கை வரல சார்."

திண்டிவனம் ஸ்டேஷன்.

பூமாலை புருஷனைக் கட்டிக்கொண்டு கதறினாள். விருத்தாசலம் ஜன்னல் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"தப்பு நடந்துபோச்சு ராயப்பா. நீ போலாம்."

"பல்லு சார்?"

"பல்லுக்கு... என் செலவுல வைத்தியம் பாத்துக்க."

டிரிங்... டிரிங்...

"ஹலோ, மெட்ராஸ் காலேஜ்லேருந்து பேசறேன். கோதண்டபாணி செத்துட்டாராமே, பாவம்! அவர் குடுத்துட்டுப் போன கார்டை மிஷின்ல போட்டோம் சார். காலையிலேருந்து கோலமா அடிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கு... நிறுத்தச் சொல்லவா?"

விருத்தாசலம் முறிந்த லத்தியை மேஜை மேல் போட்டார்.

"போடட்டும் விடுங்க சார்... அதுக்குத்தான் தீட்டே கிடையாதே!"