அவள் பெயருக்கு நேரே நாற்பது

“பத்து மணிக்கு வரச் சொன்னேன். இப்ப பத்தே முக்கால். முதல்ல அந்தப் பூவை எடுங்க!”

மழையில் நனைந்தபடி உள்ளே வந்த புஷ்பவள்ளி திகைத்துப் போனாள். கண்ணாடி போட்ட ஒல்லியான இளைஞன்... முன்பின் தெரியாதவன்... பூவை எடுக்கச் சொல்கிறான்!

“ஹலோ, யாருங்க நீங்க? என் பூ உங்கள என்ன பண்ணுச்சு?”

“தலையில ஒயர் ஒட்டணும் லா. டெஸ்ட்டுக்குத்தானே வந்தீங்க?”

“டெலிவரிக்கு வந்தேன்! மாக் மண்டின் ஒர்க்‌ஷாப்புல இருந்து. நாற்காலிக்குத் தலை வைக்கிற சட்டம் கேட்டீங்களே... இந்தாங்க.”

கதிர்காமநாதனின் முகம் சிவந்தது. ஜார்ஜ் டவுனின் அந்த ஆய்வுக்கூடத்தில் அவன் ஆராய்ச்சி மாணவன். ஓர் உருவத்தை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்கும்போது ஆண் மூளையும் பெண் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்பதே அவன் ஆராய்ச்சி. முப்பது பெண்கள் வேண்டும். இருபத்தொன்பதோடு நின்றிருந்தது.

“சாரி... மழை விடற வரைக்கும்... டெஸ்ட்டுக்கு நீங்களே உட்கார முடியுமா?”

அந்தத் தயக்கத்தில் அவள் கோபம் கரைந்தது. பூவைத் தானே எடுத்தாள். அவன் அவள் கூந்தலை விலக்கி, பசை தொட்டு, ஒயர்களை ஒட்டினான்.

“ஷாக் அடிக்காதே?” மை தீட்டிய பெரிய கண்கள் அவனை அண்ணாந்து பார்த்தன.

“அடிக்காது.”

எனக்குத்தான் அடிக்கிறது... என்று நினைத்துக்கொண்டான்.

திரையில் கட்டைகளால் ஆன இரண்டு உருவங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது வருமா, வராதா? நாற்பது கேள்விகள். நாற்பதும் சரி! அதுவரை வந்த எந்த ஆணுக்கும் அந்த வேகமில்லை.

“மெஷின்ல ஏதோ கோளாறு. இன்னொரு தடவை செய்றீங்களா?”

அவள் கண்கள் சட்டென்று மாறின.

“ஒரு ஆம்பள நாப்பது எடுத்திருந்தா, மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பீங்களா?”

ஒயர்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

மெஷினில் கோளாறு இல்லை. மூன்று முறை சோதித்தான். “அந்த ஒரு பெண்ணை விட்டுவிடு, கணக்கு சரியாக வரும்” என்றார் பேராசிரியர். விட்டால் ஆராய்ச்சி அழகாக முடியும்... ஆனால் அவள் கேட்டது சரிதானே?

இரண்டு வாரம் கழித்து, கடலுக்கு அக்கரையில் இருந்த மாக் மண்டினுக்கு ஃபெரி ஏறினான்.

ஒர்க்‌ஷாப்பில் புஷ்பவள்ளி வரைபலகை மேல் குனிந்திருந்தாள். பிளாஸ்டிக் வாளிக்கான அச்சு. உள்பக்கம், வெளிப்பக்கம், தலைகீழ்... எல்லாவற்றையும் மனத்திலேயே திருப்பித் திருப்பி வரைந்துகொண்டிருந்தாள். “ஆறு வருஷமா இதான் வேலை, தம்பி” என்றார் முதலாளி ஹனீபா.

“மறுபடியும் டெஸ்ட்டா சார்?” அவள் நிமிரவில்லை.

“மன்னிப்புக் கேட்க வந்தேன். உங்க நாப்பதையும் அப்படியே எழுதிட்டேன். ஆண், பெண்ணுன்னு மட்டும் பார்த்தா போதாது, செய்ற வேலையையும் கேட்டிருக்கணும்னு எழுதிட்டேன். அதனால பட்டம் கிடைக்க இன்னும் ஆறு மாசம் ஆகுமாம்.”

பென்சில் நின்றது. “இதைச் சொல்லவா ஃபெரி ஏறி வந்தீங்க? போன் இருக்குல்ல?”

“போன்ல உங்க கண்ணைப் பார்க்க முடியாதே...”

அவள் கன்னம் சூடானது. “நாங்க பைராம் தோட்டத்துல கூலி வேலை செஞ்ச ஆளுங்க. நீங்க, பேரைப் பார்த்தாலே தெரியுது, படிச்ச யாழ்ப்பாணத்துக் குடும்பம். விளையாட்டுக்குப் பேசாதீங்க.”

“அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“என்னன்னு?”

“ஒரு பெண்ணைப் பிடிச்சிருக்கு, ஆனா அவ என் மேல கோபமா இருக்கான்னு. முதல்ல போய் மன்னிப்புக் கேளுன்னாங்க.”

புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள். உடனே கண் கலங்கியது.

“அன்னைக்கு வேற யாராச்சும் மெஷின் கோளாறுன்னு சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நீங்க சொன்னதாலதான்... ஃபெரி முழுக்க அழுதேன்.”