ஏன் தொடக்கூடாது?

சிட்டுவின் அப்பா பிளம்பர். குழாய் எங்கே ஒழுகினாலும் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். எழுதுவது மட்டும் அவருக்கு வேப்பங்காய்.

அன்று பள்ளி விடுமுறை. சிட்டுவும் அவரோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவர்கள் போன கட்டடத்தில் மேல்மாடிக் குழாய் விரிசல் விட்டிருந்தது. அப்பா கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருந்த வால்வைத் திருகி மூடினார். ஓர் அட்டையில் ‘தொடாதே’ என்று கிறுக்கி அதில் தொங்கவிட்டார். பிறகு மேலே போய், பழைய துண்டை அறுத்துவிட்டுப் புதியதைப் பசை வைத்து ஒட்டினார்.

பசை காயவில்லை. அதற்குள் புஸ்ஸென்று தண்ணீர் பாய்ந்து வந்தது. ஒட்டு பிய்த்துக்கொண்டது. அப்பா தொப்பலாக நனைந்துவிட்டார்.

சிட்டு தடதடவென்று கீழே ஓடினாள். வால்வுக்குப் பக்கத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் காலிப் பாத்திரத்தோடு நின்றார். டீ போடத் தண்ணீர் வரவில்லையாம், அதனால் திறந்தாராம். அட்டையைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். பார்த்தேன், யாரோ சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு எழுதியது என்று நினைத்தேன் என்றார்.

இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஈரம் சொட்டச் சொட்ட வந்த அப்பா, வால்வை மூடிவிட்டுப் புது அட்டையை எடுத்தார். முன்னைவிடப் பெரிதாகத் ‘தொ’ போட்டார்.

“தொடாதேன்னு மட்டும் போட்டா எனக்கே தொட்டுப் பாக்கணும்னு தோணுதுப்பா,” என்றாள் சிட்டு.

“வேற என்ன எழுதறது? நான் என்ன கதை எழுதவா வந்தேன்?”

“ஏன் தொடக்கூடாதுன்னு எழுதலாமே.”

 அப்பா பேனாவை அவளிடம் நீட்டினார்.

தையல்காரர் என்னவெல்லாம் கேட்பார் என்று யோசித்து யோசித்து எழுதினாள் சிட்டு.

‘மேல்மாடியில் குழாய் ஒட்டுகிறோம். பசை காய வேண்டும். இப்போது திறந்தால் ஒட்டு பிய்ந்துவிடும். அப்பா மறுபடியும் நனைந்துவிடுவார்.’

யாருடைய அப்பா என்று கேட்க மாட்டார்களா என்றார் அப்பா. அவள் ‘அப்பா’வை அடித்துவிட்டுப் ‘பிளம்பர்’ என்று எழுதினாள்.

அட்டையை வால்வில் தொங்கவிட்டு, இருவரும் மேலே போய் மறுபடி ஒட்டினார்கள். அப்பா குழாயில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லை.

சந்தேகத்தோடு கீழே வந்து பார்த்தார்கள். அட்டையில், துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியால் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘சரி. தண்ணீர் எப்போது வரும்? – தையல்காரர்.’

சிட்டு பேனாவைத் திறந்தாள். அப்பா அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

‘நாலு மணிக்கு,’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, இன்னொரு வரியும் சேர்த்தார்: ‘மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து உங்கள் வாசலில் வைக்கிறேன்.’

நாலு மணிக்கு அப்பா வால்வைத் திறந்தார். மேலே நின்ற சிட்டு, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

அட்டையின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘டீ போட்டாயிற்று. மூன்று டம்ளர்.’

அப்பா அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது. பொறுமையாக, அழகாக, ‘வருகிறோம்’ என்று எழுதினார்.

அதைத் தையல்காரரிடம் கொடுக்க இருவருமே போனார்கள்.